இடிந்த மடத்துக்கு ஒரு நியாயம்

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற சிநேகிதிகள் எல்லோரும், நான் கிறிஸ்தவப் பெண் என்பதால், எப்படியும் இந்த வரியை எழுதிவிடுகிறார்கள். "உனக்கென்ன செசிலி, நீ வேதக்காரி. அது வேதக்காரங்க நாடு. பொறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருப்ப." ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிறந்த வீட்டு லட்சணத்தைக் கேளுங்கள்.

நியூ ஜெர்சிக்கு நாங்கள் வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. என் கணவர் அருளுக்கு ரசாயனக் கம்பெனியில் என்ஜினியர் வேலை. எனக்கு ஆஸ்பத்திரி லேபில். நோயாளியின் ரத்தத்திலும் சளியிலும் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்துச் சொல்வது என் தொழில். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி, இங்கேயே பிறந்தவள், எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும்.

எங்கள் குடும்பப் பெயர் ஃபெர்னாண்டோ. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கல்லெறிந்தால் ஒரு ஃபெர்னாண்டோ மீது விழும். இங்கே கோயிலின் பங்கு ஆபீஸில் பெயர் பதியப் போன அன்றைக்கு, அங்கிருந்த செகரட்டரி அம்மாள் என் சேலையைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, "ஸ்பானிஷ் பூசை மதியம் ஒரு மணிக்கு" என்றாள். நாங்கள் இந்தியர்கள் என்று சொன்னேன். "ஓ, அப்படியா? எப்போது கன்வர்ட் ஆனீர்கள்?" என்றாள்.

என் தாத்தாவின் தாத்தாவுக்கும் முந்தி, போர்த்துக்கீசியக் கப்பல் எங்கள் கடலுக்கு வந்த காலத்திலேயே, அப்போது உங்கள் நாடே பிறக்கவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஃபாரத்தில் "தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகும் வெகுநாள் எங்கள் வீட்டுக்கு ஸ்பானிஷில்தான் பங்குச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அருள் அதை விரித்துப் போட்டு அதன் மேல் வெங்காயம் உரிப்பார்.

2

ஜெனிக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். முதுகுத்தண்டில் எடுத்த நீர் என் லேபுக்குத்தான் வந்தது. மற்றவர்கள் என்னைப் பார்க்கவிடவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்பதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்த படிப்பு அன்றைக்கு எனக்குக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

லேபுக்கு வெளியே வராந்தாவில் நின்று எங்கள் ஊர் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் அவள் வீடு திரும்பின அதே நாளில் சிலுவையடியில் உப்பும் மிளகும் போடுகிறேன். அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை அப்பம், வாங்குகிற அன்றைக்கு அவளோடு வெறுங்காலில் கோயிலை மூன்று சுற்று சுற்றி வருகிறேன். இவ்வளவுதான். பிள்ளை பிழைத்தாள். மருந்தால் பிழைத்தாள் என்று எனக்கும் தெரியும், எந்த மருந்து என்றும் தெரியும். நேர்ந்தது நேர்ந்ததுதான்.

எங்கள் ஊரில் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் எப்போதும் குவிந்து கிடக்கும். பக்கத்திலேயே உப்பளம், ஆகையால் அதில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த சாமியார் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அந்த உப்பைக் காலில் மிதித்துவிடக் கூடாதென்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவார். அவருக்கு அதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் தெரியவில்லை.

இங்கே கடையில் கல் உப்பு கிடைக்காது, மாவு மாதிரிப் பொடி உப்புதான். யூதர்கள் கறியில் தடவ வாங்குகிற கோஷர் உப்பு என்று ஒன்று உண்டு, அது கொஞ்சம் பருமனாக இருக்கும். அதை வாங்கினேன். ஜெனி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது பிப்ரவரியில். ஒவ்வொரு பிப்ரவரியும் கோயிலுக்கு வெளியே புல்தரையில் நிற்கிற கற்சிலுவையின் அடியில் ஒரு பிடி உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டுவிட்டு வந்தேன். பனியோடு பனியாகப் போய்விடும். இந்த வருஷம் அன்றைக்குப் பார்த்துப் பனி விழவில்லை.

அடுத்த வாரம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் வேண்டாம், ஃபாதர் என்றே சொல்கிறேன். இங்கேயே பிறந்த ஐரிஷ்காரர், சிவந்த முகம், பிரசங்கத்தில் நன்றாக ஜோக் சொல்வார். யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். மிளகை முதலில் எலிப் புழுக்கை என்று நினைத்தார்களாம். பிறகுதான் "ஏதோ சடங்கு" என்று புரிந்ததாம்.

"மிஸஸ் ஃபெர்னாண்டோ, நீங்கள் விட்டு வந்த மதத்தின் பழக்கங்கள் சட்டென்று போகாது, எனக்குப் புரிகிறது" என்றார்.

"நான் எந்த மதத்தையும் விட்டு வரல ஃபாதர்."

"மூடநம்பிக்கைக்கும் விசுவாசத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், இல்லையா? ஜெனிஃபர் மே மாதம் புதுநன்மை வாங்கப்போகிறாள். வீட்டில் தாயே குழம்பியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?"

மென்மையாகத்தான் பேசினார். அந்த மென்மைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக மதம் மாற வருகிறவர்களுக்காகச் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஒரு ஞானோபதேச வகுப்பு நடக்கிறதாம். அதில் நான் உட்கார்ந்து முடித்தால்தான் ஜெனிக்குப் புதுநன்மை. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். என்மேல் அவர் சுமத்திய சிலுவைக்கு வாசலில் சாட்சியாக, பனியில் படி வழுக்காமலிருக்கத் தூவுகிற உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அந்த உப்பால் யாருடைய விசுவாசத்துக்கும் பங்கம் வரவில்லை.

அருளிடம் வந்து கத்தினேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எதுக்கு வம்பு? போய் நாலு செவ்வாக்கிழமை உக்காந்துட்டு வாயேன். பிள்ளைக்குப் புதுநன்மை நடந்தாப் போதும்லா" என்றார்.

"என் தாத்தா ஊருக்கே வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரு. நான் போய் 'கடவுள் யார்'னு முதல் பாடத்துல இருந்து படிக்கணுமா?"

"நமக்குக் காரியந்தான பெருசு."

இந்த மனுஷன் இப்படித்தான். பச்சை அட்டை வாங்குகிற வரைக்கும் காரியம் பெரிது, வீடு வாங்குகிற வரைக்கும் காரியம் பெரிது. காரியம் எப்போதுதான் சிறிதாகும் என்று தெரியவில்லை. ஆனாலும் போனேன். முதல் வகுப்பில் கல்யாணத்துக்காக மதம் மாறுகிற ஒரு பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சிலுவை அடையாளம் எந்தத் தோளிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன்.

3

மார்ச்சில் பங்கு ஹாலில் ஒரு சாயந்தரம் ஸ்லைடு காட்சி வைத்தார்கள். ஃபாதர் முந்தின கோடையில் அயர்லாந்து போய், தன் தாத்தா பிறந்த ஜில்லாவைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். புதுநன்மைப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நாங்களும் போனோம். மடக்கு நாற்காலி, காப்பி, உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டி. ஜெனி தன் வகுப்புப் பிள்ளைகளோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படங்கள் அழகாக இருந்தன. அட்லாண்டிக் ஓரத்தில் மேடும் பள்ளமுமான புல்வெளி. அதன் நடுவே கூரையில்லாத ஒரு சின்னக் கோயில், பக்கத்தில் வானத்தைப் பார்த்து நிற்கிற வட்டக் கோபுரம். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியே கவிழ்த்த பானை மாதிரிக் கட்டின குடிசைகள். அதற்குள் ஒரு துறவி குனிந்து போய் முடங்கத்தான் இடமிருக்கும். ஆள் உயரத்தைவிடப் பெரிய கற்சிலுவை, அதில் ஆதாமும் ஏவாளும், சிங்கக் குகையில் தானியேலும், எல்லாம் மழையில் தேய்ந்து மூக்கும் முழியும் போய் நின்றார்கள். கல்லறைக் கல் ஒன்றில் "இவனுக்காக ஒரு ஜெபம்" என்று செதுக்கியிருந்ததாக ஃபாதர் வாசித்துச் சொன்னார்.

அயர்லாந்துக்கு வேதத்தைக் கொண்டுபோன புனித பேட்ரிக் காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் எழுந்த மடமாம். ரோம் விழுந்து ஐரோப்பா இருட்டில் கிடந்தபோது இந்தத் துறவிகள்தான் தோலில் வேதத்தைப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நானும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், பொய் சொல்லவில்லை. கடல் பக்கத்துக் கோயில் எனக்குப் புரியும். உப்புக் காற்று கல்லை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு ஊற்று வந்தது. மடத்தை நிறுவின புனிதர் தோண்டியதாம். ஊற்றங்கரையில் ஒரு முள்மரம். மரம் முழுக்க துணிக் கிழிசல் கட்டியிருந்தது. கைக்குட்டை, ரிப்பன், குழந்தைச் சட்டையின் ஓரம், ஒரு காலுறை. அடுத்த படத்தில் தலையில் ஸ்கார்ஃப் கட்டின பெண்கள் வெறுங்காலோடு ஊற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். கையில் கூழாங்கல், சுற்றுக்கு ஒன்றாகப் போட்டு எண்ணுவதற்கு.

என்னால் உட்கார முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

"ஃபாதர், அந்தத் துணி எதுக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. பாவம், நான் ஆர்வமாகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நோயாளியின் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுவார்களாம், துணி மக்க மக்க நோய் போகுமாம். பெரும்பாலும் பிள்ளைகளுக்காகத் தாய்மார் கட்டுவது. சூரியன் போகிற திசையில்தான் சுற்ற வேண்டும், செருப்பு கூடாது. "ஆயிரம் வருஷத்துக்கு மேலான விசுவாசம். இன்னும் உயிரோடு இருக்கிறது" என்றார்.

"நல்லது ஃபாதர். என் பிள்ளை பிழைச்சதுக்காக நான் சிலுவையடியில ஒரு பிடி உப்பு போட்டேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பு. இந்தப் பொம்பளைங்களுக்கு என்னிக்கு வகுப்பு?"

ஹாலில் பின்னால் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். அருள் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"மிஸஸ் ஃபெர்னாண்டோ, இது வேறு. இது பாரம்பரியம்."

"என்னோடதும் அதுதான். ஒரே வித்தியாசம், எங்க கோயிலுக்கு இன்னும் கூரை இருக்கு, உள்ளே நிக்க இடமில்லாத அளவுக்கு ஆள் இருக்கு. இடிஞ்சு புல் முளைச்சிருந்தா நீங்களும் படம் எடுத்துட்டு வந்து காட்டியிருப்பீங்க."

அவர் அடுத்த படத்தை மாற்றினார். ஏதோ ஆட்டு மந்தை. முன்வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி மட்டும் திரும்பவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்திருந்தாள்.

4

கூட்டம் கலைந்ததும் நான் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஹால் அடுக்களைக்குப் போனேன். யாரையாவது அடிக்காமலிருக்க எனக்கு ஏதாவது பாத்திரம் கழுவ வேண்டும். பின்னாலேயே மிஸஸ் டூலன் வந்தார். புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், எழுபது வயதிருக்கும். நான் கழுவக் கழுவ அவர் துடைத்தார்.

"உப்பைப் பார்த்து ஃபாதரிடம் சொன்னது நான்தான்" என்றார்.

நான் குழாயை மூடினேன்.

"அந்த ஊற்று எனக்குத் தெரியும். ஃபாதருடைய தாத்தாவுக்குத்தான் அது ஊர். எனக்கு அது என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியபோது அம்மா என்னைச் சுற்றச் சொன்னாள். கால் கிழிந்து ரத்தம் வந்தது. அவன் பிழைக்கவில்லை." துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார். "பதினேழு வயதில் இங்கே வீட்டு வேலைக்கு வந்தேன். ஒருநாள் அந்த வீட்டம்மாவிடம் ஊற்றைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிகள் முன்னால் என்னை மறுபடி சொல்லச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளிடம்கூட. உங்கள் பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம் என்றுதான் செய்தேன்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வந்தது, ஆனால் கோபத்துக்குப் பிறகுதான் வந்தது.

"சிரிச்சவங்களத் திருத்தறத விட்டுட்டு என்னைத் திருத்த வந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குப் பயம் பிடித்தது. எழுபது வயதில் நானும் ஏதோ ஓர் அடுக்களையில் நின்றுகொண்டு, புதிதாக வந்த எவளோ ஒருத்தியின் பழக்கத்தை ஒட்டடை மாதிரி அடித்துத் தள்ளிக்கொண்டிருப்பேனோ?

இரண்டு நாள் கழித்து ஃபாதர் போன் பண்ணினார். யோசித்துப் பார்த்தாராம், வகுப்பு வேண்டாமாம், ஜெனிக்கு மே மாதமே புதுநன்மையாம். மூன்று சுற்று நேர்ச்சையையும் அவரிடம் சொன்னேன். நடக்கலாமாம், ஆனால் பூசை முடிந்து கூட்டம் போன பிறகு, பின்பக்கம் கார் நிறுத்துகிற இடம் வழியாக.

"முன்வாசல்ல ஆரம்பிச்சு முன்வாசல்ல முடிப்பேன் ஃபாதர். எல்லாரும் இருக்கறப்ப."

"சரி, உங்கள் இஷ்டம். ஒன்று கேட்கலாமா? ஒரு போட்டோ எடுத்துப் பங்குப் பத்திரிகையில் போடலாம் என்று நினைக்கிறேன். நம் பங்கில் எத்தனை விதமான பாரம்பரியம் என்று ஜனங்களும் பார்க்கட்டுமே" என்றார்.

பிப்ரவரியில் மூடநம்பிக்கை, மார்ச் முடிவதற்குள் பாரம்பரியம். நடுவில் நான் செய்தது ஒன்றுமில்லை, ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். என்னை ஸ்லைடாக்கித் திரையில் மாட்டிவிட்டால் அவருக்கு என்னோடு சண்டை தீர்ந்தது. போட்டோ வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அருள், "அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார்.

நானும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வெள்ளைக் கவுன் தைத்தேன், முக்காடு வாங்கினேன், ஊரிலிருந்து வந்திருந்த பட்டுச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

5

புதுநன்மைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. நான் கோயில் வாசலில் காரில் காத்திருந்தேன். ஜெனி குதித்துக்கொண்டு வந்து ஏறினாள். அவள் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"நோ." கொஞ்ச தூரம் போனதும், "மம்மி, ஐ டோல்ட் ஹிம் யுவர்ஸ் டூ" என்றாள்.

"என்னோடத? என்னத்த?"

அவள் இங்கிலீஷில் சொன்னாள். பாவங்களை யோசித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். தன்னுடையது கொஞ்சமாகத்தான் இருந்ததாம், பொய் சொன்னது, பள்ளிக்கூடத்தில் ஒருத்தியைத் தள்ளிவிட்டது. பத்துக் கட்டளையில் முதல் கற்பனைக்கு விரோதமான பாவம் என்று மிஸஸ் டூலன் முன்னே சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததாம், மூடநம்பிக்கையும் அதில் சேருமாம். அதனால் அம்மாவின் உப்பு, அம்மாவின் நடை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டாளாம்.

சிக்னலில் பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"சாமியார் என்ன சொன்னாரு?"

"ஹி செட், இட்ஸ் நாட் யுவர் சின். பட் ஐ குட் ப்ரே ஃபார் யூ. ஒன் ஹெய்ல் மேரி." எனக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். என் கையைத் தொட்டாள். "ஐ செட் இட் ஆல்ரெடி. யூ ஆர் ஓகே நௌ, மம்மி."

என்னிடம் போட்டோ கேட்ட அதே மனுஷன். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையிடம், அம்மா செய்ததில் பாவமே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நா எழவில்லை. நான் எதற்காகச் சண்டை போட்டேனோ அதில் எதுவும் என் வீட்டுக்குள் வந்து சேரவில்லை. ஹாலில் ஜெயித்த சண்டையைப் பெட்டிக்குள் தோற்றிருந்தேன்.

"ஏட்டி, இங்க பாரு" என்றேன். "இனிமே உன் பாவத்தை மட்டும் சொல்லு. என்னோடத நான் பாத்துக்கிடுதேன்."

அவளுக்கு முகம் சுருங்கியது. நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "தென் டுமாரோ... நடக்க வேண்டாம்தானே?" என்று பாதித் தமிழில் கேட்டாள். அவளாகத் தமிழில் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

"நான் நடப்பேன். நீ வாறதும் வராததும் உன் இஷ்டம்" என்றேன். கோபத்தில் சொன்னேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் புதுநன்மை வாங்கினாள். கைகூப்பி, தலை குனிந்து, முக்காடு நழுவாமல் அழகாக வாங்கினாள். பூசை முடிந்து வாசலில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினான். மிஸஸ் டூலன் தூணோரம் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை. கோயிலின் பின்பக்கம் ஜல்லி காலில் குத்தியது.

இரண்டாவது சுற்றில் எங்கள் காரைத் தாண்டிப் போனேன். அருள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தார். பின்சீட்டில் யாருமில்லை என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, வெள்ளைக் கவுன் கசங்க, ஜெனி சீட்டுக்குக் கீழே காலடியில் சுருண்டு படுத்திருந்தாள். முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் நான் நடந்துகொண்டிருந்தேன்.